தையல் பிரித்த பிறகு எங்களை யார் பார்ப்பது? சினைப்பை அகற்றும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மகளிர் நோய் மருத்துவர்களுக்கும் புற்றுநோய் அறுவை மருத்துவர்களுக்கும்,

போன மாதம் என் தங்கையைக் கூட்டிக்கொண்டு, 2023-இல் எனக்குச் சினைப்பை (ஓவரி) அகற்றும் அறுவை செய்த அதே மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவளுக்கு 36 வயது. புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும், எனக்கு இருக்கும் அதே மரபணு மாற்றம் அவளுக்கும் இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றாள். "அப்ப ஒண்ணும் யோசிக்கிறதுக்கு இல்லம்மா. ரெண்டு ஓவரியையும் டியூபையும் எடுத்துடுவோம். சின்னச் சின்ன ஓட்டைதான். மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். தேதியும் குறித்துக் கொடுத்தார்.

"அதுக்கப்புறம் இவளுக்கு என்னல்லாம் ஆகும் டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"பீரியட்ஸ் நின்னுடும். உடம்பு கொஞ்சம் சூடா இருக்கும். எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே, இவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடி வருது."

"மனசு எப்படி இருக்கும்?"

"அது அவங்கவங்க எடுத்துக்கிறதைப் பொறுத்தது."

அதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து கைபேசியில் மணி பார்த்தேன். உள்ளே இருந்தது ஏழு நிமிடம். இரண்டு வருடங்களுக்கு முன் அதே நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தபோதும் இதே வார்த்தைகள்தான் எனக்குச் சொல்லப்பட்டன. அதன் பிறகு எனக்கு என்ன ஆனது என்பதை அதே மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்திருந்தேன். இரண்டு பக்கம், கையெழுத்துப் போட்டு. என் தங்கைக்குக் கிடைத்த பதிலில் அந்த இரண்டு பக்கத்தின் சுவடே இல்லை. அதனால்தான் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் இந்த அறுவைக்கு எதிரானவள் இல்லை. என் தங்கை அதைச் செய்துகொள்ளப் போகிறாள், நானே கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறேன். எங்கள் அம்மா இறந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2014-இல் அம்மாவுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்றார்கள். ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று ஐந்தாறு மாதம் ஓடிவிட்டது. ஸ்கேன் எடுத்தபோது சினைப்பையில் தொடங்கிய புற்று வயிறெங்கும் பரவியிருந்தது. கடைசி மாதங்களில் வாரத்துக்கு ஒரு முறை வயிற்றிலிருந்து நீரை எடுக்க வேண்டியிருந்தது. 2016 ஆவணியில் போய்விட்டார். 55 வயது. அதற்கு முன்பே பெரியம்மா மார்பகப் புற்றில் போயிருந்தார்.

எனக்கு பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் மாற்றம் இருப்பது பிறகு தெரிந்தது. இந்த மாற்றம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேருக்கு 80 வயதுக்குள் சினைப்பைப் புற்று வருகிறது, 72 பேருக்கு மார்பகப் புற்று வருகிறது என்பது நீங்கள் அறிந்த கணக்கு. சாதாரணமாக நம் ஊர்ப் பெண்களுக்குச் சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றைக்கூடத் தொடாது. ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் அதை ஆரம்பத்திலேயே உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. 35 முதல் 40 வயதுக்குள் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து 80 சதவீத அளவுக்குக் குறைகிறது. இதையெல்லாம் எனக்கு விளக்கியது நீங்கள்தான், நன்றாகவே விளக்கினீர்கள். அதனால்தான் கையெழுத்துப் போட்டேன். இன்று மறுபடி கேட்டாலும் போடுவேன்.

நீங்கள் சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியை. லீவு பிரச்சினை வரக் கூடாது என்று 2023 மே மாதம், கோடை விடுமுறையில் அறுவைக்குத் தேதி வாங்கினேன். அப்போது எனக்கு 38 வயது. கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தார்கள். பத்து நாளில் பயாப்ஸி முடிவு வந்தது: புற்று அணுக்கள் இல்லை, சினைப்பைகள் இரண்டும் இயல்பானவை. வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும்தான். ஆனால் அன்று ராத்திரி, நல்லா இருந்த உறுப்பை எடுத்துக் கொடுத்துவிட்டோமே என்று ஒரு அழுகை வந்தது. சந்தோஷமும் அழுகையும் ஒரே நேரத்தில் வரும், அது தப்பில்லை என்று ஒரே ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அன்றைக்கு நான் என்னையே அவ்வளவு திட்டியிருக்க மாட்டேன்.

டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு தாள் கொடுத்தார்கள். கனம் தூக்கக் கூடாது, ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளவும், காய்ச்சல் வந்தால் உடனே வரவும். உடம்புக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. மனசு என்ற சொல்லோ தூக்கம் என்ற சொல்லோ எங்கும் இல்லை.

மூன்றாம் நாளே உடம்பு திகுதிகுவென்று எரிய ஆரம்பித்தது. ராத்திரி நாலைந்து முறை வேர்வையில் நனைந்து எழுந்து ஜாக்கெட் மாற்றுவேன். இதையாவது 'கொஞ்சம் சூடா இருக்கும்' என்று சொல்லியிருந்தார்கள். பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வேறு. ஜூலையிலிருந்து தினமும் விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். யாரோ செத்துப்போன செய்தி வரப்போகிறது என்பது போல ஒரு பயம், காரணமே இருக்காது. அடுப்படியில் லைட் போடாமல் விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். மகள் பால் டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அவளை அடித்துவிட்டேன். அதுவரை அவளை ஒரு நாளும் கைநீட்டி அடித்தவளில்லை.

ஒன்பதாம் வகுப்பில் காரணிப்படுத்தும் கணக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடமாக நடத்தும் பாடம். பாதியில் அடுத்த வரி என்ன என்று தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். முன் பெஞ்சில் இருந்த பிள்ளை, "மிஸ், அங்க மைனஸ் வரும்" என்று மெதுவாகச் சொன்னாள். போர்டு பக்கம் திரும்பியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூளையிலும் ஏதோ வந்துவிட்டது, அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கு வேறு இடத்தில் வந்திருக்கிறது என்று அன்றைக்கு நான் உறுதியாக நம்பினேன். மறதியும் கவனக் குறைவும் இந்த அறுவைக்குப் பின் நிறையப் பேருக்கு வருவதுதான் என்று எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கிறது. உறவு கொள்வதே வேதனையாகிவிட்டது. வறட்சி, எரிச்சல், அதைவிட, எனக்கு ஆசையே அற்றுப்போனது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவர் முதலில் வருத்தப்பட்டார், பிறகு நான் அவரை வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார், பிறகு பேசுவதையே குறைத்துக்கொண்டார். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அந்த மாதங்களில், ஹார்மோன் குறைந்தால் இப்படி ஆகும், அதற்கு மருந்து இருக்கிறது என்ற இரண்டு வாக்கியம் எங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். அறுவைக்கு முன் அவரையும் உள்ளே கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம்.

சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியவில்லை. "கேன்சர் வந்தவங்களே தைரியமா இருக்காங்க, உனக்கு வரவே இல்லையே" என்பார்கள். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் பட்டது. நான் நோயாளியும் இல்லை, நோயில்லாதவளும் இல்லை. அம்மாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கக்கூடத் தெரியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி வேறு. பீரோவில் பாதி தீர்ந்த நாப்கின் பாக்கெட் ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிப் போட எனக்கு எட்டு மாதம் ஆனது.

உங்களிடம் நான் வராமல் இல்லை. ஆறாவது வாரம் வந்தேன். தழும்பைப் பார்த்து, "சூப்பரா ஆறியிருக்கு" என்றார்கள். "சும்மா சும்மா அழுகையா வருது டாக்டர்" என்றேன். கால்சியமும் வைட்டமினும் எழுதி, மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறாவது மாதம் மறுபடி வந்தேன். யோகா போகச் சொன்னார்கள். போனேன். யோகா நல்லதுதான். ஆனால் மூன்று மணி விழிப்பு நிற்கவில்லை. பதினோராவது மாதம், ஒரு நாள் சாயங்காலம், இனி இருக்கவே வேண்டாம் என்று தெளிவாகத் தோன்றியது. அந்த நினைப்பில் கண்ணீர்கூட வரவில்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தங்கைக்கு போன் பண்ணினேன். அவள் ராத்திரியோடு ராத்திரியாக பஸ் ஏறி வந்தாள்.

மறுநாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு என்னை அழைத்துப் போனாள். அங்கிருந்த மருத்துவர் எனக்கு என்ன செய்கிறது என்று முழுதாகக் கேட்டார். பிறகு, "ஓவரி எடுத்து எவ்வளவு நாளாச்சும்மா? ஹார்மோன் ஏதாவது கொடுத்தாங்களா?" என்றார். பதினோரு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அறுவை செய்தவர்கள் யாரும் கேட்கவில்லை. அவரும் உங்களில் ஒருவர்தான் என்பதால்தான் இந்த மடலை நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

அவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. இயல்பாக மாதவிடாய் நிற்கும் பெண்ணுக்குச் சினைப்பைகள் பல வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்கின்றன. நின்ற பிறகும் சிறிதளவு ஹார்மோன் சுரந்துகொண்டிருக்கும். நம் நாட்டில் அது பொதுவாக 46, 47 வயதில் நடக்கிறது. எனக்கு அது 38 வயதில் ஓரிரு நாட்களில் நடந்து முடிந்துவிட்டது. சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்யும் பொருள் இல்லை. தூக்கம், ஞாபகம், உடல் சூடு, மனநிலை எல்லாவற்றையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளுக்கும் அது தேவை. அப்படியென்றால், 'எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதானே' என்பது சரியில்லை, டாக்டர். மாடியிலிருந்து படியில் இறங்குவதும் கீழே விழுவதும் ஒன்றா?

'எடுத்துக்கிறதைப் பொறுத்தது' என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் மயோ கிளினிக் ஆய்வாளர்கள், 1950 முதல் 1987 வரை ஒரே பகுதியில் சினைப்பை அகற்றிக்கொண்ட பெண்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன்பே இரண்டு சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு, இழக்காதவர்களைவிட மனச்சோர்வு அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கும் பதற்ற அறிகுறிகள் இரண்டு மடங்குக்கு மேலும் வந்திருந்தன. எல்லோருக்கும் வருவதில்லை. என்னைப் போன்ற மரபணு மாற்றம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகளில், அறுவைக்குப் பின் புற்றுநோய் பற்றிய பயம் நன்றாகக் குறைவதும் தெரிகிறது. எனக்கும் அந்தப் பயம் குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒரு பயம் தீர்ந்த இடத்தில் வேறு என்ன வந்து உட்காரலாம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் நமக்குள் இருந்த வித்தியாசம்.

எனக்கு மார்பகப் புற்று வந்ததில்லை, கர்ப்பப்பையும் இல்லை. அதனால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்று வேறொரு மகளிர் நோய் மருத்துவர் ஜெல் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வுக்கான மாத்திரையும் தனியாக ஓடியது. ஆறேழு வாரத்தில் ஒரு நாள் காலை ஐந்தரைக்குத்தான் கண் விழித்தேன். ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அதைப் பார்த்து அழுதேன், அது வேறு அழுகை. எல்லாமே மருந்தில் சரியாகவில்லை. அம்மாவுக்காக அழாமல் வைத்திருந்ததையெல்லாம் ஆலோசகர் முன் உட்கார்ந்து அழுது தீர்க்க வேண்டியிருந்தது. ஆனால் தூக்கம் திரும்பிய பிறகுதான் அந்த வேலையைச் செய்யவே எனக்குத் தெம்பு வந்தது.

அந்த ஜெல்லை வாங்கப் போனபோது மெடிக்கல்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது கேன்சரைக் கொண்டுவருமே மேடம், உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். 2002-இல் அமெரிக்காவில் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு ஹார்மோன் என்றாலே எல்லோருக்கும் பயம். ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அவர்களுக்குக் கிடைத்த முடிவை 38 வயதில் சினைப்பையை இழந்தவளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதும், மார்பகப் புற்று வராதவர்களுக்கு இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுக்கலாம் என்பதும் வழிகாட்டுதல்களில் இருக்கிறது. இருந்தும் எனக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. மார்பகப் புற்று வந்து, அதன் பிறகு சினைப்பையையும் எடுத்துக்கொள்கிற பெண்களுக்கு இந்த வழி பெரும்பாலும் கிடையாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, தூக்கத்துக்கான பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. எங்களில் மிகவும் தனித்து விடப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

இது மரபணுச் சோதனை செய்துகொள்ள முடிந்த என்னைப் போன்ற சிலரின் பிரச்சினை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் எதிர்வீட்டு அக்கா காட்டு வேலைக்குப் போகிறவர். 37 வயதில் பெரும்பாடு, அதாவது மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை எடுக்கப் போன இடத்தில், "இதையும் விட்டுவச்சா பின்னாடி கேன்சர் வரலாம்" என்று சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அவர் குடும்பத்தில் யாருக்கும் புற்று இல்லை, எந்தச் சோதனையும் செய்யவில்லை. என் கதையைக் கேட்ட பிறகுதான் தன் டிஸ்சார்ஜ் தாளைக் கொண்டுவந்து, "இதுல என்ன எடுத்திருக்காங்கன்னு பாரு டீச்சர்" என்றார். ஆறு வருடமாக அவரைக் கோபக்காரி, சிடுமூஞ்சி என்றே தெருவில் பேசுகிறார்கள். ஆறு வருடமாக அவர் சரியாகத் தூங்கவில்லை. தன் உடம்பிலிருந்து என்ன போனது என்பதே அவருக்குத் தெரியவில்லை.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். சினைப்பையும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்ற கேள்வி அதில் இல்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவரும்படி உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சினைப்பையைப் பற்றியும் அந்த அளவுக்குக் கவலைப்பட யாராவது வேண்டும். அது முதலில் நீங்களாகத்தான் இருக்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்காக மயக்கத்தில் இருந்தபோது அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிய வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமீரா கோலி வழக்கு என்று நீங்கள் படித்திருப்பீர்கள். சிகிச்சையின் தன்மை, பலன், விளைவு, மாற்று வழி, முக்கியமான ஆபத்துகள் எல்லாம் தெரிந்து கொடுப்பதுதான் சம்மதம் என்றது அந்தத் தீர்ப்பு. எப்போதோ அரிதாக வரும் ஆபத்துகளைச் சொல்லத் தேவையில்லை என்றும் அதில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் மனச்சோர்வும் தூக்கமின்மையும் இந்த அறுவையில் அரிதானவை இல்லை. நான் கையெழுத்திட்ட படிவத்தில் ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, மயக்க மருந்து ஒவ்வாமை எல்லாம் வரிசையாக இருந்தன. எனக்கு அவற்றில் ஒன்றும் வரவில்லை. எனக்கு வந்தது அந்தப் படிவத்திலேயே இல்லை.

உங்கள் ஓ.பி.யில் எவ்வளவு கூட்டம் என்று எனக்குத் தெரியும். வாசலில் பெஞ்சு கிடைக்காமல் நின்றவள்தான் நானும். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கவில்லை. இன்னொரு பதிலையும் கேள்விப்பட்டேன். "இதையெல்லாம் முன்னாடியே சொன்னா பயந்துக்கிட்டு ஆபரேஷனே வேண்டாம்னு போயிடுவாங்க" என்று ஒரு மருத்துவர் என் தோழியிடம் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பாதீர்கள். அம்மாவின் வயிற்றிலிருந்து நீர் இறங்கும் டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். தூக்கம் கெடும், மனசு சோர்ந்துபோகும், அதற்கு வைத்தியம் உண்டு என்று கேட்டுவிட்டு ஓடிப்போக மாட்டோம். தெரியாமல் மாட்டிக்கொண்ட பிறகுதான் மருத்துவமனைப் பக்கமே போகப் பிடிக்காமல் போகிறது. நானே என் மார்பகப் பரிசோதனையை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவள் அதைத் தள்ளிப்போடுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு முன், இன்னொரு நாளில், அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கு முடியாவிட்டால் பயிற்சி பெற்ற செவிலியரோ ஆலோசகரோ பேசட்டும். அந்தப் பெண் விரும்பினால் கணவரும் கூட இருக்கட்டும். தூக்கம், மனச்சோர்வு, பதற்றம், மறதி, தாம்பத்தியம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பேசுங்கள். 'கொஞ்சம் சூடா இருக்கும்' போதாது. சினைப்பைப் புற்று பெரும்பாலும் கருக்குழாயில்தான் (டியூப்) தொடங்குகிறது என்பதால், முதலில் குழாயை மட்டும் எடுத்துவிட்டுச் சினைப்பையைச் சில வருடம் கழித்து எடுக்கும் முறை நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் ஆய்வில் இருக்கிறது. அது இன்னும் முடிவாகவில்லை, எல்லோருக்கும் பொருந்தாமலும் இருக்கலாம். இருந்தாலும் அப்படி ஒன்று இருப்பதை 36 வயதுப் பெண்ணிடம் சொல்லுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் மனநல விளைவுகளைத் தமிழில் எழுதிச் சேருங்கள். டிஸ்சார்ஜ் தாளில், இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டன என்பதை எதிர்வீட்டு அக்கா படித்தாலும் புரியும்படி ஒரு வரி தமிழில் எழுதுங்கள்.

இந்தப் பெண்ணுக்கு ஹார்மோன் கொடுக்கலாமா கூடாதா, கொடுப்பதென்றால் யார், எதுவரை, கூடாதென்றால் அதற்குப் பதில் என்ன என்பதை அறுவைக்கு முன்பே முடிவுசெய்து எழுதிவைத்துவிடுங்கள். பதினோராவது மாதம் ஒரு மனநல மருத்துவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது.

ஏற்கெனவே மனச்சோர்வு வந்திருக்கிறதா, பிரசவத்துக்குப் பின் மனநிலை கெட்டிருந்ததா, குடும்பத்தில் சமீபத்தில் இழப்பு உண்டா என்று அறுவைக்கு முன் கேளுங்கள். பிறகு ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஒரு வருடம் என்று நான்கு முறையாவது மனநிலையைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்வி கொண்ட படிவம் உங்கள் மருத்துவமனையின் மனநலப் பிரிவிலேயே இருக்கும். நிரப்ப ஐந்து நிமிடம் ஆகாது. மதிப்பெண் கூடினால் அன்றே அந்தப் பிரிவுக்கு அனுப்புங்கள். வெளியே போகும் தாளில் காய்ச்சலுக்கு அழைக்க வேண்டிய எண்ணுக்குக் கீழே 14416 என்ற மனநல உதவி எண்ணையும் அச்சிடுங்கள்.

மரபணுச் சோதனையோ குடும்ப வரலாறோ இல்லாமல், வேறு காரணத்துக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும்போது, மாதவிடாய் நிற்காத பெண்ணின் நல்ல சினைப்பைகளை 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், காரணத்தை அவருக்குப் புரியும்படி சொல்லி, அவர் சரி என்ற பிறகு எடுங்கள்.

ஏற்கெனவே உங்களிடம் அறுவை செய்துகொண்டு போனவர்களின் பெயரும் போன் நம்பரும் உங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. கடந்த ஐந்து வருடத்தில் 45 வயதுக்குள் சினைப்பை எடுக்கப்பட்ட பெண்களை மட்டுமாவது ஒரு முறை அழைத்துக் கேளுங்கள். என் எதிர்வீட்டு அக்காவைப் போல எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ, தாங்கள் காத்திருப்பதே தெரியாமல்.

கடைசியாக, என் தங்கைக்குத் தேதி குறித்துக் கொடுத்த மருத்துவருக்கு. அடுத்த மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். அதற்கு முன் ஒரு நாள், அரை மணி நேரம், அவளுக்காக ஒதுக்குங்கள் டாக்டர். அவள் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறாள், பதினேழு கேள்வி. ஆறு வாரம் கழித்து அவள் திரும்ப வரும்போது தழும்பைப் பாருங்கள். பார்த்து முடித்ததும், "ராத்திரி தூக்கம் எப்படி இருக்கும்மா?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு கணித ஆசிரியை